கோழி டானிக் லேபிளில் உள்ள ஆபத்தான வழிமுறை குறித்து உற்பத்தி நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
வீட்டில் செல்லமாகக் கோழி வளர்க்கும் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: வீட்டுக் கோழிகளுக்கான சத்து டானிக்கின் லேபிள் வழிமுறையும் உதவி எண்ணில் தரப்பட்ட ஆலோசனையும் தவறாக இருப்பது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

தங்கள் நிறுவனம் வீட்டுக் கோழிகளுக்கென விற்கும் சத்து டானிக்கின் லேபிளில் அச்சிடப்பட்டுள்ள வழிமுறையும், அதே லேபிளில் தந்திருக்கும் உதவி எண்ணில் தங்கள் பணியாளர் சொன்ன ஆலோசனையும், உடனடி சிகிச்சை தேவைப்பட்ட ஒரு கோழியை ஐந்து நாள் காக்க வைக்கும்படி அமைந்திருந்தன. அந்த ஐந்து நாளையும் கடத்தியிருந்தால் கோழி பிழைத்திருக்காது என்று அதைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். டானிக் வேலை செய்யவில்லை என்பதல்ல என் புகார். அதை எந்த நிலையில் நம்பியிருக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு வரிகூட அந்தப் புட்டியில் இல்லை என்பதுதான் என் புகார்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வளர்க்கும் செவலைப் பெட்டை, ஒழுங்காக முட்டையிட்டுக் கொண்டிருந்த கோழி. ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்ததும் மற்றவை தீனிக்கு ஓடி வர, இது மட்டும் வரவில்லை. வாலைத் தாழ்த்தி, சிறகுகளைத் தொங்கவிட்டு, உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, கண்கள் பாதி மூடியபடி தூங்கித் தூங்கி நின்றது. சற்று நேரத்துக்கொரு முறை முட்டைக் கூடைக்குள் போய் உட்கார்ந்து, உடல் குலுங்க முக்கியது. பிறகு எழுந்து வெறுமனே வெளியே வந்தது. கூடையில் முட்டை இல்லை. எச்சமும் வழக்கம்போல் இல்லாமல், பின்புறத்து இறகுகளில் வெள்ளை நீராகச் சிறிதளவு மட்டும் ஒட்டியிருந்தது. தண்ணீரையும் தீனியையும் அது தொடவே இல்லை.

வீட்டில் தங்கள் டானிக் இருந்தது. லேபிளில் கொட்டை எழுத்தில் மூன்று கேள்விகள் உள்ளன: முட்டை நின்றுவிட்டதா, இறகு உதிர்கிறதா, கோழி மந்தமாக ஓரிடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா? இவற்றில் எதற்கு ஆம் என்றாலும் ஐந்து நாள் தொடர்ந்து டானிக்கைக் குடிநீரில் கலந்து தர வேண்டுமாம். அதற்கு மேல் வேறெதுவும் இல்லை. கோழி வளர்ப்பவர் யாராயினும் இதைப் படித்தவுடன் ஒன்றைக் கவனிப்பார். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையாக வரக்கூடிய நிலைகளில் சில நோயே அல்ல, வேறு சில ஒரு நாள்கூடத் தாங்காதவை. இரண்டையும் ஒரே வரியில் கட்டி ஒரே மருந்தைத் தருவது எப்படிச் சரியாகும்?

பகல் நேரம் குறையும் பருவத்தில் கோழி இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடுவதும், அதுவரை முட்டை போடாமல் இருப்பதும் இயல்பு. உடலில் சேரும் புரதம் அப்போது இறகுக்கே போய்விடுவதால் முட்டைக்கு மிச்சமிராது. கொண்டையும் சற்று வெளுத்திருக்கும். அடைக்கு உட்கார்ந்த கோழியும் முட்டை போடாது, ஓரிடத்தை விட்டு எழாது. ஆனால் கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். நாளுக்கு ஒரு முறை இறங்கி வந்து பெரிய எச்சமாகப் போட்டுவிட்டு, அவசரமாகத் தின்று, திரும்பிப் போய்விடும். அதற்கு டானிக் எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை, விற்பனை தங்கள் தொழில். ஆனால் கை நீட்டினால் கொத்தவும் தெம்பில்லாமல் கண்ணைச் செருகிக்கொண்டு நிற்கும் கோழியும் தங்கள் லேபிளின்படி அதே "மந்தமாக உட்கார்ந்திருக்கும்" கோழிதான் என்பதை நான் விட்டுவிட முடியாது.

கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. பலவீனம் வெளியே தெரிந்தால் கூட்டத்தில் மற்றவை கொத்தி விரட்டும் என்பதால், முடிந்த மட்டும் நடமாடிக் கொண்டும் தீனியைக் கொத்துவது போலப் பாவனை செய்துகொண்டும் இருக்கும். வளர்ப்பவர் கண்ணுக்கு அது தூங்கி நிற்பதாகத் தெரியும்போது நோய் பெரும்பாலும் பாதி வழியைக் கடந்திருக்கும். கோழிகளுக்கென்றே பொருள் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் "ஐந்து நாள்" என்று அச்சிட்டதுதான் எனக்கு விளங்கவில்லை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். புட்டியின் முகப்பில் ஒரு சிறுமி ஒற்றைக் கோழியை மடியில் வைத்துக் கொஞ்சும் படம் இருக்கிறது. புட்டியைத் திருப்பினால், நூறு கோழிகளுக்கு 20 மில்லிலிட்டர் என்ற ஒரே ஒரு கணக்கு இருக்கிறது. அதாவது ஒரு கோழிக்கு 0.2 மில்லிலிட்டர். ஆனால் தாங்கள் தந்துள்ள அளவு மூடியில் இருக்கும் மிகச் சிறிய கோடே 5 மில்லிலிட்டர். மூடியை அந்தக் கோடு வரை நிரப்பினால் அது இருபத்தைந்து கோழிகளுக்கு உரிய அளவு. ஒரு கோழி வைத்திருப்பவர் இதை எதனால் அளப்பது? வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை, மிகுந்தால் உடலிலேயே தங்கிவிடுபவை. டி மிகுந்துபோனால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தில் படியும். இவை இரண்டும் தங்கள் சேர்மானப் பட்டியலில் உள்ளன. எவ்வளவு உள்ளன என்பது மட்டும் இல்லை.

இதைவிட அடிப்படையான ஒரு பிழையும் இந்த வழிமுறையில் இருக்கிறது. உடல்நலமுள்ள ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். நோயுற்ற கோழி முதலில் நிறுத்துவது தீனியையும் தண்ணீரையும்தான். குடிக்காத கோழிக்குக் குடிநீரில் கலந்த மருந்து எப்படிப் போய்ச் சேரும்? லேபிளை நம்பி நான் டானிக் கலந்து வைத்த தண்ணீரை மற்ற கோழிகள்தான் குடித்தன. பண்ணையில் ஆயிரம் கோழிகளுக்கு நோய் வருமுன் தரும் முறையை, நோய் வந்துவிட்ட ஒற்றைக் கோழிக்கு அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சந்தேகத்தோடுதான் உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார், அவர் மீது தனிப்பட்ட வருத்தம் இல்லை. ஆனால் கோழிக்கு என்ன வயது, கடைசியாக எப்போது முட்டையிட்டது, வயிறு வீங்கியிருக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது, காலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பை காலியாக இருந்ததா என்று ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. கோழி முக்குகிறது என்று நானாகச் சொன்ன பிறகும், "அது மலச்சிக்கலாக இருக்கும், அளவை இரட்டிப்பாக்குங்கள், குடிக்காவிட்டால் இறுக்கிப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றுங்கள், ஐந்து நாள் முடிந்ததும் பார்க்கலாம்" என்றார்.

வாயைத் திறந்து ஊற்றுவது பற்றித் தங்கள் பணியாளர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை என்றே கருதுகிறேன். கோழியின் அலகைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடிப்பகுதியில் சிறு பிளவு ஒன்று திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். தண்ணீரை அலகில் அள்ளி, தலையை உயர்த்தித் தானாக இறக்கும் பிராணிக்கு, சோர்ந்து கிடக்கும் நேரத்தில் மூடியால் ஊற்றினால் அந்தப் பிளவு வழியே நீர் நுரையீரலுக்குப் போகும். கோழிக்கு உதரவிதானமும் கிடையாது. மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. "இறுக்கிப் பிடிப்பது" அந்த மூச்சையும் நிறுத்தும் வழி. ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டை வைப்பதே முறை என்று மருத்துவர் காட்டினார். இதைச் சொல்ல உதவி எண்ணில் அரை நிமிடம் போதும்.

அவர் சொன்னபடி நான் ஊற்றவில்லை. கோழியைத் துணி விரித்த பெட்டியில் வைத்து, வெதுவெதுப்பு குறையாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டு சென்றேன். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: முட்டை அடைத்திருக்கிறது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரமாகும், அதில் ஓடு படிவதற்கே 20 மணி நேரம் போகும். அந்த முட்டை முட்டைக்குழாயின் கடைசிப் பகுதியில் சிக்கிக்கொண்டால் எச்சத்தின் வழியையும் அடைத்துக்கொள்ளும், கால்களுக்குப் போகும் நரம்புகளையும் அழுத்தும். கோழி நிமிர்ந்து நின்றதும், முக்கியதும், எச்சம் நீராக மட்டும் வந்ததும் இதனால்தான். பெரும்பாலும் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும் நிலை இது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டையைத் தள்ள வேண்டிய தசைகளுக்கு வலு இருக்காது என்பதால் அவர் கால்சியம் ஊசி போட்டார். இளஞ்சூட்டு நீரில் வயிறு நனைய உட்கார வைத்து, வழுவழுப்பான மருந்துக் களிம்பு தடவி, மிகப் பொறுமையாக முட்டையை வெளியே கொண்டு வந்தார். ஓடு மெல்லியதாக, ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. உள்ளே உடைந்திருந்தால் கூரான ஓடு குழாயைக் கிழித்துச் சீழ் வைத்திருக்கும் என்றார். தங்கள் பணியாளர் "மலச்சிக்கல்" என்றது இதைத்தான்.

கோழி பிழைத்துவிட்டது. இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை. அது இட வேண்டும் என்ற கட்டாயமும் எனக்கில்லை.

இன்னொரு சிக்கலையும் இங்கே எழுதிவிடுகிறேன். மருத்துவர் தந்த மாத்திரைச் சீட்டில், எத்தனை நாள் வரை இந்தக் கோழியின் முட்டையை யாரும் உண்ணக் கூடாது என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு தங்கள் புட்டியை மீண்டும் எடுத்துப் படித்தேன். வைட்டமின்கள், ஈரல் சாறு, மூலிகைச் சாறுகள் என்று தொடங்கும் பட்டியல் "மற்றும் பிற சேர்மானங்கள்" என்று முடிகிறது. அந்தப் பிற சேர்மானங்கள் எவை? அவற்றில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏதேனும் இருக்குமானால் அது முட்டையில் இறங்கக்கூடும், அந்த முட்டையை உண்பவர் உடலுக்கும் போகக்கூடும். இல்லையென்றால் இல்லை என்று எழுதுவதில் தங்களுக்கு என்ன தடை? என் மற்ற கோழிகளும் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பதால் இது எனக்கு வெறும் ஐயமாக இல்லை. பதில் தெரியும்வரை அவற்றின் முட்டைகளையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தங்கள் லேபிளின் பக்கவாட்டில் "எல்லா வகைக் கழிச்சலுக்கும் ஏற்றது" என்று ஒரு வரி உண்டு. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அது வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது, வருமுன் போடும் தடுப்பூசி ஒன்றே வழி. இளங்குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் ரத்தக்கழிச்சல் குடலில் வாழும் ஒட்டுண்ணியால் வருவது, அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. குடற்புழுவுக்கு வேறு மருந்து. இவை தவிர, நலமாக உள்ள கோழியும் இடையிடையே பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு ஓர் எச்சம் போடும். அது குருட்டுக்குடல் என்னும் குடற்பையிலிருந்து வருவது, இயல்பானது, அதைக் கழிச்சல் என்று பயந்து டானிக் வாங்குபவரும் இருப்பார். இத்தனையையும் ஒரே வரியில் அடக்கிய அந்த வாசகத்தை எழுதியவர் ஒரு கோழியின் கூட்டையாவது கழுவியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் கோருகிறேன். கோழி முக்கினாலோ, தீனியும் தண்ணீரும் ஒரு நாள் எடுக்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, எச்சத்தில் ரத்தம் கண்டாலோ இந்த டானிக்கை நம்பியிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையை, அந்த மூன்று கேள்விகள் இருக்கும் அதே கொட்டை எழுத்தில், அவற்றுக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். கூட்டத்தில் பல கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும். ஒற்றைக் கோழிக்கான அளவைத் தனியாகக் குறிப்பிட்டு, அதை அளக்கத்தக்க சொட்டுக்குழலைப் புட்டியோடு தர வேண்டும். அப்படித் தர முடியாதென்றால் முகப்பில் உள்ள படத்தை எடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் வாங்குகிறோம். சேர்மானங்கள் அனைத்தையும் அளவோடு வெளியிட வேண்டும். முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும், அல்லது தவிர்க்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உதவி எண்ணில் பேசுபவர்களுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி தந்து, நோய்க்குறி கேட்காமல் அளவை மாற்றச் சொல்லக் கூடாது என்று விதி வைக்க வேண்டும். அதுவரை வாயில் ஊற்றச் சொல்லும் ஆலோசனையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதற்குப் புதிய லேபிள் அச்சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எனக்குரிய ஈடாக, புட்டியின் விலையைத் திருப்பித் தருமாறு மட்டும் கேட்கிறேன். மருத்துவருக்கு நான் செலுத்திய கட்டணம் எப்படியும் செலுத்த வேண்டியிருந்த ஒன்று, அதைத் தங்களிடம் கேட்பது நியாயமாகாது.

புட்டியின் நான்கு பக்கப் படங்கள், தொகுதி எண் தெரியும் அடிப்பகுதியின் படம், வாங்கிய ரசீதின் நகல், மருத்துவர் தந்த சீட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மீதமுள்ள டானிக்கை மூடியுடன் அப்படியே வைத்திருக்கிறேன், பரிசோதனைக்கு வேண்டுமெனில் ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம். சேர்மானங்கள் குறித்த கேள்விக்கு மட்டும், மற்ற கோரிக்கைகள் மீதான முடிவுக்குக் காத்திராமல், முதலில் எழுத்து மூலம் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசிப் பதிலை ஏற்கும் நிலையில் நான் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்