பொருள்: ஈரக் கழிவைப் பார்த்தபின்னும் விற்கப்பட்ட 50 கிலோவாட் மின்–வெப்ப நிலையம் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எங்கள் மர அறுவை ஆலையில் எட்டு மாதங்களுக்கு முன் நீங்கள் நிறுவிய, மரக்கழிவை வாயுவாக்கி அந்த வாயுவால் என்ஜினை ஓட்டி மின்சாரமும் வெப்பமும் தரும் நிலையம் மூன்றாம் முறையாக நின்றுவிட்டது. முதல் இரண்டு முறை தொலைபேசியில் சொன்னேன். "உங்கள் எரிபொருள் சரியில்லை" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அதனால் இம்முறை எழுத்தில் தருகிறேன்.

என்ஜினைப் பிரித்த மெக்கானிக் அதன் வால்வுகளை என்னிடம் காட்டினார். கறுப்பு அரக்குப் போலத் தார் பிடித்து இறுகிக் கிடந்தன. காரணத்தை உங்கள் ஆட்கள் யாரும் விளக்கவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன். போதிய காற்று இல்லாமல் மரம் வெந்து வாயுவாகும்போது தாரும் ஆவியாக எழுகிறது. 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய தணல் வழியே இறங்கினால் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். மரம் ஈரமாக இருந்தால் நீரை ஆவியாக்குவதிலேயே சூடு தீர்ந்து தணல் தணிகிறது. தப்பிய தார் என்ஜின் வரை போய்க் குளிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, எரிபொருள் சரியில்லை என்பது உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை.

அந்த எரிபொருளை நேரில் பார்த்துவிட்டுத்தானே விற்றீர்கள்? இதுதான் என் புகார்.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி வந்த அன்று, பச்சை மரப்பட்டையும் தூளும் முற்றத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அவர் சுற்றிவந்து படம் எடுத்தார். "இனி இது குப்பை இல்லை, மின்சாரம்" என்றார். ஆனால் சோதனைக்கென்று அள்ளிக்கொண்டது, கூரைக்கடியில் ஓராண்டாகக் காய்ந்துகிடந்த கட்டைத் துண்டுகளை! அப்போது எனக்கு உறைக்கவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது, தூள் கலக்கக் கூடாது என்ற நிபந்தனை கையேட்டின் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கையேடு வந்ததோ, முழுப் பணமும் கட்டி முடித்தபின், இயந்திரத்தோடு.

"காயவைத்துப் போடுங்கள்" என்கிறீர்கள். முழுத் திறனில் ஓட 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த துண்டுகள் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோ வேண்டும். அன்றன்று அறுக்கும் பச்சை மரத்தின் எடையில் பாதி நீர். அப்படியானால் மணிக்கு 85 கிலோ கழிவை எடுத்து, அதிலிருந்து 35 கிலோ நீரைப் போக்க வேண்டும். ஒரு கிலோ நீரை உலர்த்த, இழப்பையும் சேர்த்தால், சுமார் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) வெப்பம் செலவாகும். நீங்கள் உறுதியளித்த 100 கிலோவாட் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். பலகை உலர்த்தும் அறைக்கு என்று சொல்லி விற்றதும் இதே வெப்பம்தான். ஒன்றையே எனக்கு இரண்டு முறை விற்றிருக்கிறீர்கள்.

இன்னொன்று, இது பணக் கணக்கில் அடங்காதது. இந்த வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். கொட்டகையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி எதையும் நீங்கள் பொருத்தவில்லை. கேட்டதற்கு, "கதவைத் திறந்து வையுங்கள்" என்றார் நிறுவ வந்தவர். கருவியை நானே வாங்கி மாட்டினேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

என்ஜினை உங்கள் செலவில் பழுதுபார்க்க வேண்டும். கழிவு வெப்பத்தில் இயங்கும் உலர்த்தியையும் தூளைப் பிரிக்கும் சல்லடையையும் கூடுதல் கட்டணமின்றிப் பொருத்த வேண்டும். அதன்பின் பலகை அறைக்கு எவ்வளவு வெப்பம் மிஞ்சும் என்று அளந்து எழுத்தில் தந்து, குறையும் அளவுக்கு விலையைத் திருப்பித் தர வேண்டும். இயலாதென்றால் நிலையத்தையே எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் பிரதிநிதி அன்று எடுத்த படங்களை எனக்கும் அனுப்பியிருந்தார். அவை பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்