ஆறு ஏக்கரில் என்ன வைக்கலாம் என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சித்திரையோடு வேலை முடிகிறது, ஊருக்கே வந்துவிடுகிறேன், குத்தகைக்கு விட்ட ஆறு ஏக்கரையும் திரும்ப வாங்கி மொத்தமாகக் கோகோ வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நீ வருகிறாய் என்று படித்த உடனே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். 86 வயது, காது மந்தமாகிவிட்டது, ஆனாலும் உன் பெயரைச் சொன்னதும் "வாய்க்கால்ல முழுகப் போனவனா?" என்று கேட்டுவிட்டார்.

சரி, கோகோ விஷயம். மொத்தமாக வேண்டாம் மாப்ள. 2024இல் ஏறிய விலையைப் பார்த்துத்தான் நீ கேட்கிறாய், ஆனால் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் விழுந்ததால் ஏறிய விலை அது, 2025 முடிவதற்குள் உச்சத்தில் பாதிக்கு இறங்கிவிட்டது. அதுபோக கோகோவுக்கு நிழல் வேண்டும். உன் நிலம் வெட்டவெளி.

எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக வெள்ளாமை மாறியதை யோசித்துப் பார்த்தால், ஒரு முறைகூட விலை சொல்லி நாங்கள் மாறவில்லை. தண்ணீரும் ஆளும்தான் மாற்றின. அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் கிணற்றில் கவலை, மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது. விடியற்காலை நாலு மணிக்கு மாட்டைப் பூட்டி, வாரிச் சரிவில் இறக்கி ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் எவ்வளவு பாய்கிறதோ அவ்வளவுதான் தோட்டம்; மீதி எல்லாம் மானாவாரிக் காடு, சோளமும் கடலைக்காயும். 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வந்ததும் அப்பா பருத்தி போட்டார். தண்ணீரும் எப்போதும் கிடைக்கவில்லை, உனக்கே தெரியும், நாலு மண்டலமாகப் பிரித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நம் முறை வரும். வராத வருஷம் கிணறுதான்.

அப்புறம் ஆள். பருத்தி எடுக்க, கடலைக்காய் பிடுங்க ஊரே வந்துகொண்டிருந்தது, நாம் பள்ளிக்கூடம் படிக்கும்போது. திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போகப் போக, வரப்பில் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே மாதம் பிறந்தால் கையில் காசு, இங்கே மழையைப் பார்த்துக் கூலி. அப்படித்தான் அப்பா 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 கன்று என்று தென்னையை நட்டார். ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையம்கூட முதலில் ஏ.எல்.ஆர். கடலை ரகங்களை வெளியிட்ட இடம்தானே, பிறகு தென்னை ஆராய்ச்சி நிலையமானது. பொள்ளாச்சி முழுக்க ஒரே பச்சையானதைப் பார்த்துப் பெருமைப்பட்டோம். அந்த ஒரே பச்சைதான் பிறகு எங்களைப் படுத்தியது.

1998இல் எர்ணாகுளம் பக்கம் கண்ட ஈரியோபைட் சிலந்தி, கண்ணுக்கே தெரியாத சிற்றுயிர், சீக்கிரமே இங்கேயும் வந்தது. குரும்பையின் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஒரு முக்கோணம் விழும், காய் பெருக்கப் பெருக்க அது பழுப்பாகி வெடித்துக் காய் சிறுத்துப்போகும். 2016இல் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவிலேயே முதலில் நம் பொள்ளாச்சியில்தான் கண்டுபிடித்தார்கள். ஓலையில் கரி பூசியது மாதிரி கருப்பு. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள், நான் அடிக்கவில்லை, மகள் விடவில்லை. ஈயைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து செத்துவிடும் என்றாள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை கட்டினோம், விசையாகத் தண்ணீர் பீய்ச்சினோம். குறைந்தது. அந்த வருஷமே வடகிழக்குப் பருவமழை பொய்த்து, லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினேன் மாப்ள. ஊற்றியும் நூற்றுச் சொச்சம் மரம் போனது.

இப்போது தென்னைக்குக் கேரள வாடல் நோய். இதற்கு மருந்தே இல்லை. மட்டையின் கீற்று விறைப்பு இழந்து உள்பக்கமாக வளையும், கீழே நின்று பார்த்தால் விலா எலும்பு மாதிரி இருக்கும். போன ஐப்பசியில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து மரத்தை வெட்டினோம், அப்பா நட்ட முதல் வரிசை. நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார். மரம் விழுந்ததும் எழுந்து போய் அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் எதுவும் பேசவில்லை.

இதையெல்லாம் தாங்கி நிற்கிறோம் என்றால் அது ஜாதிக்காயால். நாலு தென்னைக்கு நடுவில் ஒன்று என்று 2008இல் நட்டேன். எல்லாம் பெண் கன்று என்று சொல்லிக் கொடுத்தார் ஒரு நர்சரிக்காரர். ஏழு வருஷம் தண்ணீர் விட்டு வளர்த்துப் பூத்த பிறகு பார்த்தால் பாதிக்கு மேல் ஆண். விதைக் கன்றில் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. வெட்டிப் போடலாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் தடுத்தாள். பத்துக்கு ஒன்று ஆண் இருக்கட்டும் என்று விட்டு, மற்றவற்றை இடுப்பு உயரத்தில் வெட்டி, துளிர் வந்ததும் நல்ல பெண் மரத்தின் நேர் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டினாள். இன்று காய்க்கிறது. நீ வந்தால் காட்டுகிறேன், பழம் தானாக வெடித்து, உள்ளே கருப்புக் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போர்த்தியது மாதிரி ஜாதிபத்திரி இருக்கும். கிழியாமல் உரிக்க என் விரல் வராது, மகளுக்கும் அம்மாவுக்கும்தான் வரும். கொட்டையைக் காய வைத்து ஆட்டினால் ஓட்டுக்குள் கடகட என்று சத்தம் வர வேண்டும், அதுவரை மூட்டை கட்டக் கூடாது. கோகோவும் வைத்திருக்கிறோம், இரண்டு ஏக்கர் தென்னை நிழலில் மட்டும்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். முதல் வருஷம் எதையும் நடாதே. தை மாதம் இரண்டு நாள் வா, உன் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடி என்று பார்ப்போம், கோடையில் மறுபடி பார்ப்போம். கோடைத் தண்ணீர் மூன்று ஏக்கருக்குத்தான் காணும் என்றால் மூன்று ஏக்கர்தான் தோப்பு, அதிலும் இரண்டு மூன்று விதமாக. மீதி கடலைக்காயும் சோளமும் போட்டு இரண்டு மாடு கட்டு. தென்னை நிழல் ஏறுவதற்குள் ஜாதிக்காய் வைக்க அவசரப்படாதே, அதுவரை வாழை போடு. கன்று வாங்க மகளைக் கூட்டிப் போ, என்னை அல்ல.

அப்புறம் ஒன்று. உன் கிணற்று மேட்டில் கவலை ஓட்டிய வாரி இன்னும் அப்படியே இருக்கிறது. குத்தகைக்காரர் மண் போட்டு நிரவிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நீ வந்து பார்க்கும்வரை வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்