பாட்டு கட்டினவர் பேரையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நாட்டுப்புறப் பாட்டெல்லாம் பாடின பாட்டிமாரோடயே போயிடுச்சுன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். பழைய பாட்டு போச்சுங்கறது நெஜம் தான், எங்க அத்தை நடவு நடும்போது பாடினதுல எனக்கே நாலு வரி கூட ஞாபகம் இல்ல. ஆனா புதுசா பாட்டு கட்டறவங்க இருக்காங்க ஐயா, எங்க காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுலயே ஒரு தம்பி இருக்கார்.

மாங்கா சீசன்ல மாங்கூழ் பேக்டரில வேலை, மத்த நாள்ல பாட்டு. கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, போன்ல ரெக்கார்ட் பண்ணி அவரே யூடியூப்ல போடறார். எல்லாம் இந்த மண்ணைப் பத்தி தான், கிளிமூக்கு மாங்காவுக்கு வெலை இல்லாம மரத்தடியிலயே விட்டது, வயக்காட்டுல சாஞ்சு கெடக்கற நடுகல்லு, மயானக் கொள்ளை திருவிழாவுக்கு அடிக்கற பம்பை மேளம், இப்படி.

ஒரு பாட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில தென்பெண்ணை வெள்ளை வெள்ளையா நுரை தள்ளிகிட்டு வருமே, பெங்களூரு கழிவு கலந்து வர்ற தண்ணி, நாமெல்லாம் டிவில பாத்துட்டு சேனல் மாத்திட்டோம், அவர் பஸ் ஏறிப் போய் அரைநாள் கரையில உக்காந்து பாத்துட்டு வந்து எழுதினார். மொத மொத எங்க திண்ணையில தான் பாடிக் காட்டினார். "பானை பொங்குனா பொங்கலோ பொங்கல்னோம், ஆறு பொங்குது குரல் எழுப்பலையே"ன்னு வந்தப்ப, புளி தட்டிகிட்டு இருந்த எங்க மாமியார் கைய நிறுத்திட்டு, "குரல் எழுப்பறதா, அது யாரு பேசற பேச்சுப்பா, வாயத் தொறக்கலன்னு பாடு"ன்னாங்க. அவர் அங்கயே நோட்டுல அடிச்சு மாத்திட்டு மறுபடி பாடினார், "ஆறு பொங்குது வாயத் தொறக்கலையே". மாமியார் புளிய அப்படியே விட்டுட்டு முழுசா கேட்டாங்க.

அந்தப் பாட்டை இப்ப ஒரு இசைக்குழு திருவிழா மேடையில பாடுது, ரீல்ஸ்லயும் ஓடுது, கீழ 'நாட்டுப்புறப் பாடல்'னு மட்டும் போட்டிருக்கு. போன் பண்ணி கேட்டதுக்கு கிராமத்துப் பாட்டுக்கு ஏதுங்க ஓனர்னு சொல்லிட்டாங்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பாத்தேன், ரொம்ப வேதனையா இருந்துச்சு. ஊர்ப்பேச்சுல எழுதினா எழுதினவனே இல்லன்னு ஆயிடுமா? 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதினவருக்கு அவர் ஆயுசு முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் உரிமை இருக்கு, எழுதினது நான் தான்னு சொல்லிக்கறதும் அதுல சேர்த்தி. சட்டத்தை விடுங்க, இதே தகடூர்ல, அதான் இப்பத்த தர்மபுரில, அதியமானைப் பாடின ஔவையாருக்கு பாட்டோட சேத்து பேரையும் புறநானூறுல வச்சிருக்காங்களே, அது எவ்வளவு காலத்துக்கு முந்தி!

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கறேன் ஐயா. அழிஞ்சு போன பாட்டுக்கு முழுப் பக்கம் ஒதுக்கினீங்க, உசுரோட இருந்து எழுதறவங்களுக்கும் வாரம் ஒரு கால் பக்கம் குடுங்க, பாட்டு வரியும் போட்டு, கட்டினவர் பேரு ஊரு ரெண்டும் போடுங்க. தர்மபுரி பக்கமும் இப்படி எழுதறவங்க இருப்பாங்க, பென்னாகரம் அரூர்னு விசாரிச்சா கெடைப்பாங்க. இந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டேன், நுரைப் பாட்டை முழுசா எழுதித் தர்றேன்னு சொல்லிட்டார். அவர் பேரை இதுல எழுதல, அவரே சொல்றது தான் முறை. உங்க நிருபர் வந்தா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், இப்ப சீசன்ங்கறதால அவருக்கு நைட் ஷிப்ட், காலைல பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்