பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சித்தி மகள் வெள்ளிக்கிழமை டல்லாஸுக்குக் கிளம்புகிறாள். அவளிடம் பருப்புப் பொடியும் பேரனுக்குக் கை முறுக்கும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். நீயே பையைப் பிரி.

வேளைக்குச் சாப்பிடு. நர்சிங் படிப்புக்காக ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிற கிளினிக்கல் நாளில் ஐந்தரை மணிக்கே வெறும் காபியோடு ஓடுகிறாய் என்று பேரன் சொன்னான். நாள் முழுக்க வார்டில் நிற்கிற உடம்புக்குக் காபி காணாது. இரண்டு இட்லியாவது போட்டுக்கொண்டு போ.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. “படிக்கிறேன்மா, அப்புறம் பேசறேன்” என்று ஒரு வரி வருகிறது. 18 நாள் ஆயிற்று. மாப்பிள்ளையிடம் கேட்டால் “நல்லா இருக்கா அத்தை” என்கிறார். அவர் சொல்கிற விதத்திலேயே தெரிகிறது.

மாடி வீட்டு அக்கா நேற்றுக்கூட உன்னைக் கேட்டாள். பெருமையாகத்தான் சொன்னேன். கிரீன் கார்டு வரும்வரை பத்து வருஷம் வீட்டுக்குள் இருந்தவள், 36 வயதில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அனாட்டமியும் பிசியாலஜியும் இரண்டு செமஸ்டர் படித்தாள், மைக்ரோபயாலஜி படித்தாள், 209 நிமிடத்தில் 170 கேள்வி கொண்ட டீஸ் என்ற நர்சிங் நுழைவுப் பரீட்சையை எழுதினாள், முதல் வருஷம் இடம் கிடைக்காமல் மறுவருஷம் திரும்ப விண்ணப்பித்து வாங்கினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் பழைய மார்க் ஷீட்டுக்கு முத்திரை வாங்க அப்பா யுனிவர்சிட்டிக்கு மூன்று முறை அலைந்ததையும் சொன்னேன். அந்த வெயிலில் அலைந்த மனுஷனுக்காவது நீ ஒரு போன் செய்திருக்கலாம்.

“இரண்டு வருஷப் படிப்பா? இங்கே டிப்ளமாவே மூன்று வருஷமாச்சே” என்று அன்று நான் கேட்டது உன்னைச் சுட்டுவிட்டது. உடனே பெரிய மெசேஜ் அனுப்பினாய். யுத்தத்துக்குப் பிறகு அங்கே நர்ஸுகளுக்குப் பஞ்சம் வந்தபோது, மில்ட்ரெட் மாண்டாக் என்ற அம்மாள் 1951-ல் தன் ஆராய்ச்சியில் இந்த யோசனையைச் சொன்னாராம். மறுவருஷமே ஜூனியர் காலேஜ்களில் நடத்திப் பார்த்தார்களாம். நான்கு வருஷம் படித்தவர்களும் நீங்களும் கடைசியில் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் லைசென்ஸ் பரீட்சைதான் என்று முடித்திருந்தாய். நான் பதில் போடவில்லை. அது என் தப்பு. அதை நாலு முறை படித்தேன் பாப்பா, பதில்தான் போடவில்லை.

டிரிப் கணக்கு ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? ஒரு லிட்டர் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட். நான் மனக்கணக்காகவே நிமிடத்துக்கு 42 சொட்டு என்றேன். நீ கால்குலேட்டரில் போட்டுவிட்டு “கரெக்ட்மா” என்று கத்தினாய். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிடையர் ஆன பிறகு என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

கடைசியாகப் பேசின அன்று, “கிளினிக்கல்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்கம்மா” என்றாய். உடனே குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாய். எனக்கு விசில் சத்தம் கேட்கவில்லை.

எங்கள் காலத்தில் அதற்கு மெமோ என்று பேர். ஒரு பாடத்தில் போனால் திரும்ப எடுக்கலாம், இரண்டாம் தடவை போனால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. மருந்து கொடுக்கும் முன் ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று மூன்று முறை பார். அங்கே கையில் கட்டின பட்டையை ஸ்கேன் செய்கிறீர்கள் என்றாலும் பேரை வாய்விட்டுக் கேள். இதை முன்பே சொல்லியிருக்கிறேன். திரும்பவும் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் நர்சிங்தான் படிப்பேன் என்று நீ அழுதாய். நான்தான் பிடிவாதமாக இன்ஜினியரிங்கில் தள்ளினேன். நைட் டூட்டி வாழ்க்கை உனக்கு வேண்டாம் என்று அன்று சொன்னேன். முழுக் காரணம் அது இல்லை.

1987-ல் ஒரு நாள் நைட் டூட்டி. பிரசவ வார்டு. 42 பேர், தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களையும் சேர்த்து. ஸ்டாஃப் நர்ஸ் நான் ஒருத்தி, கூட ஒரு ஸ்டூடண்ட். தெர்மாமீட்டர் இரண்டே இரண்டு. உன் அண்ணனுக்கு அப்போது அம்மை. நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. விடியற்காலை எல்லோருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு பார்த்து டிபிஆர் சார்ட் எழுத வேண்டும். பாதி வார்டு வரை பார்த்தேன். மீதிப் பேருக்குப் பார்க்காமலே 98.4, 98.4 என்று புள்ளி வைத்துக்கொண்டே போனேன். கடைசிக் கட்டிலில் இருந்தவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

காலையில் டே டூட்டி சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்தால் அவளுக்கு 103. பிரசவக் காய்ச்சல். சார்ட் யார் எழுதியது என்று கேட்டார்கள். ஸ்டூடண்ட்தான் எழுதியிருப்பாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். 17 நாள் கழித்துப் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். ஸ்டூடண்ட் வேறு வார்டுக்குப் போஸ்டிங் மாறிப் போய்விட்டாள். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. ரிடையர்மெண்ட் அன்று மாலை போட்டு, ஒரு குறை சொல்ல முடியாத சிஸ்டர் என்று பேசினார்களே, நீ வீடியோவில் பார்த்து அழுதாயே, அப்போதும் எனக்கு அந்தப் பெண் முகம்தான் முன்னால் நின்றது. அப்பாவுக்கு இது தெரியாது. உனக்கும் இப்படி ஒரு ராத்திரி வந்துவிடுமோ என்றுதான் அன்று உன்னைத் தடுத்தேன்.

நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் செய்ததுபோல இரண்டடி தள்ளி நிற்கவில்லை.

முறுக்கைப் பேரனுக்கு ஒரேயடியாகக் கொடுக்காதே, வயிற்றைப் பிடிக்கும். உனக்கு ராத்திரி பத்து மணி என்றால் எனக்குக் காலை எட்டரை. அந்த நேரம் அப்பா லைப்ரரிக்குப் போய்விடுவார். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா