சொல்லித்தர ஆள் எங்கே?

அன்புள்ள மகளுக்கு,

பட்டறைகளில் பிள்ளைகளைச் சேர்த்து வேலை பழக வைக்கும் உன் திட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய அறிக்கையை முழுக்கப் படித்தேன். இப்போது 60 அப்ரண்டிஸ், அடுத்த ஆண்டு 600. பணம் தருகிறவர்களும் தலையாட்டிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் எவ்வளவு தேடியும் ஒரு கணக்கு மட்டும் அதில் கிடைக்கவில்லை. அந்த 600 பேருக்கும் பக்கத்தில் நின்று வேலை சொல்லித்தரப் போகிறவர்கள் எத்தனை பேர்?

வகுப்பறை என்றால் நாலு பெஞ்சு கூடப் போட்டுச் சமாளிக்கலாம். பட்டறையில் அது நடக்காது. லேத்தில், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினில், வெட்டுகிற டூல் மழுங்க ஆரம்பித்தால் முதலில் சத்தம் மாறும். பரப்பில் கோடு விழுவது அதற்கப்புறம்தான். "இந்தா, இப்ப கேளு" என்று அந்த நொடியில் ஒருவர் சொன்னால்தான் பழகுகிற பிள்ளையின் காதில் ஏறும். சாயங்காலம் வீடியோ போட்டுக் காட்டினால் ஏறாது. தன் வேலையையும் பார்த்துக்கொண்டு ஒரு மேஸ்திரி இரண்டு பேரைக் கவனிப்பார், மிஞ்சிப்போனால் மூன்று. நாலாவது ஆள் எடுபிடிதான். உன் பதிவேட்டில் மட்டும் அப்ரண்டிஸ்.

ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு இறங்கும் என்று எழுதியிருக்கிறாய். விண்ணப்பம், கணக்கு வழக்கு, சாப்ட்வேர், இதிலெல்லாம் இறங்கும். சொல்லித்தருவதில் இறங்காது. ஜெர்மனியில் அப்ரண்டிஸ்களுக்குப் பொறுப்பாக இருக்கிறவர் அதற்கென்றே தகுதித் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். நிறுவனங்கள் கூடுதல் பேரை எடுக்கட்டும் என்று 2003இல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். 2009இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு பழைய ஏற்பாடு உள்ள நாட்டுக்கே அந்தக் குறுக்குவழி நிலைக்கவில்லை.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்களை நீ கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டாய். "நான் மெஷினை நிறுத்திச் சொல்லித்தருவேன், பக்கத்துக் கம்பெனிக்காரன் சம்பளம் கூடக் கொடுத்துக் கூட்டிப்போவான்" என்பது வீண் பயம் இல்லை. சொல்லித்தரும் செலவு ஒருவர் தலையில் மட்டும் விழாதபடி, பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்களிடம் சம்பளச் செலவில் 0.5 சதவீதம் வரியாக வாங்கி அதைப் பயிற்சிக்குத் திருப்புகிறார்கள். வரி போட அரசாங்கத்தால் முடியும். நீ முதலாளிகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, சொல்லித்தரும் நேரத்துக்கு மேஸ்திரிக்குத் தனியாக ஒரு தொகை தருவதாகச் சொல்லிப் பார். பேச்சு வேறு மாதிரி போகும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பயிற்சி இரண்டு வருஷம், கையில் இருக்கும் நிதி ஒரு வருஷத்துக்கு. நடுவில் பணம் நின்றுபோனால் பாதி பழகிய பிள்ளைகள் எங்கே போவார்கள்? பணம் தருகிறவர்களிடம் முதலில் இதைப் பேசு. சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல், முடித்து ஒரு வருஷம் கழித்தும் அதே தொழிலில் இருக்கிறவர்களை எண்ணச் சொல்.

600 வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் 150 போதும். முடித்துப் போனவர்களில் யாருக்குக் கைவேலையும் பொறுமையும் சேர்ந்து இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடு. அடுத்த மேஸ்திரிகள் அங்கிருந்துதான் வரவேண்டும். நிர்வாகக் குழு கூடுவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு, அந்தப் பட்டியலோடு.

அன்புடன்,
அப்பா