கொற்கையில் கடல் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் ஆய்வுக்கு நம் தூத்துக்குடிக் கரையைப் பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அறிக்கைகளும் வரைபடங்களும் உன்னிடமே இருக்கும். நான் சொல்வது பாட்டும் கதையும்.

முதலில் அகநானூறு 130. அலை கொண்டுவந்து போட்ட முத்து, கொற்கைத் துறையில் குதிரைக் குளம்பை உறுத்துமாம். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே கடல் இருந்தது நிஜம். இன்று கொற்கையில் நின்றால் வயலும் வாழையும்தான்; தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. அப்புறம் காயல் என்ற ஊர் துறைமுகமாகி, அதுவும் தூர்ந்து, தூத்துக்குடி தலையெடுத்தது. தூத்துக்குடிக் கதைக்கு ஜோ டி குருஸ் ‘கொற்கை’ என்று பேர் வைத்தது சும்மா இல்லை. 2013-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். ஆள் பெயர்கள் குழப்பும், பாதியில் போட்டுவிடாதே. அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ படித்தால் காற்றும் நீரோட்டமும் மீனவருக்கு எப்படிப் பிடிபடுகின்றன என்று தெரியும்.

நற்றிணை 172-ஐ உனக்காகவே சொல்கிறேன். விளையாட்டாக மணலில் புதைத்த புன்னைக் கொட்டை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறாள் ஒருத்தி. ‘இது உன் தங்கை, உன்னைவிடச் சிறந்தவள்’ என்கிறாள் அம்மா. அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. நெய்தல் பாட்டுகளில் வரும் புன்னை, தாழை, அடும்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு இன்றைய கரையோடு ஒப்பிட்டுப் பார். மணலைப் பிடித்து வைக்கும் கொடி அடும்பு. இப்போது பல இடத்தில் சவுக்குதான் நிற்கிறது. அதன் சருகு மூடிய இடத்தில் அடும்பு அவ்வளவாகப் படராது. நட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் நட்டார்கள், இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ சின்னப் புத்தகம், ஒரே இரவில் முடித்துவிடுவாய். மோட்டார் லாஞ்சு வந்தபோது வல்லம் என்ற நாட்டுப் படகு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு அதில் இருக்கிறது.

உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. முசிறியில் பிறந்தவர், அளத்துக்கே வந்து பழகி எழுதினார். உன் அத்தை அளத்துக்குப் போன காலத்தில் ராத்திரி பாதத்து வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மத்தியான வெயிலில் உப்பு கண்ணைக் கூசும் என்பாள். உங்கள் வரைபடத்தில் உப்பளம் ஒரு வெள்ளைக் கட்டம், அவ்வளவுதானே?

நாவல்களைப் பார்சலில் போட்டிருக்கிறேன். பென்சில் கோடுகள் என்னுடையவை, அழிக்காதே. பொங்கலுக்கு வந்தால் கொற்கைக்குப் போவோம், அங்கே பழைய வன்னி மரம் ஒன்று உண்டு. அம்மா கருவாடு வைத்திருக்கிறாள், ஹாஸ்டலில் விடுவார்களா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா