ரிவ்யூ செய்கிறவரே அந்தச் சரக்கை விற்கலாமா?

தொண்டர்கள் சேர்ந்து எழுதும் நமது பில்லிங் மென்பொருளின் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கமுங்க. நடந்தது உங்களுக்குத் தெரியும், முதலிலிருந்து எழுதவில்லை. பாவுக் கணக்குக்காக, அதாவது தறிக்காரர் வாங்கிய நூலுக்கும் கொடுத்த துணிக்கும் கணக்கு வைக்க, நான் எழுதிய நிரலை ரிவ்யூ செய்து (சரிபார்த்து) மென்பொருளில் சேர்க்கச் சொல்லி அனுப்பிய மெர்ஜ் ரிக்வெஸ்ட் நான்கு மாதம் அப்படியே கிடந்தது, அப்புறம் "பயன்படுத்துவோர் குறைவு" என்று ஒரே வரியில் மூடப்பட்டது. மூடியவர் அதே வசதியைத் தன் கடையில் காசுக்கு விற்கிறார் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. உங்களில் இரண்டு பேருக்கு முன்பே தெரியுமாம்.

அதை நான் எழுதியதே சோமனூரில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் எங்கள் அக்காவுக்காகத்தான். பாவு (நீளவாக்கு நூல்) வந்த தேதி, ஊடை (குறுக்கு) நூல் எத்தனை கிலோ, திருப்பிக் கொடுத்த துணி எத்தனை மீட்டர், பிக் கணக்கில், அதாவது குறுக்கே ஓடும் இழைகளின் எண்ணிக்கைப்படி கூலி, எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் இருக்கும். ஒருமுறை பதினோரு மீட்டர் குறைகிறது என்று கூலியில் பிடித்துவிட்டார்கள். துணி கொடுத்தது நிஜம், எழுதி வைத்த தாளைத்தான் காணோம். ராத்திரி தறி நின்ற பிறகு டார்ச் அடித்துக்கொண்டு குப்பைக்கூடை வரைக்கும் தேடினார். அந்தக் குறைவான பேரில் அவரும் ஒருவர்.

என் ரிக்வெஸ்ட்டை மூடிய நண்பர் கடை நடத்தட்டும், நாலு காசு பார்க்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: தொழில் தொடர்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அந்த விஷயத்தில் ரிவ்யூவிலிருந்தும் ஓட்டிலிருந்தும் ஒதுங்க வேண்டும்.

"சம்பளம் வாங்காத தொண்டர்களுக்கு எதுக்குங்க சட்டம்" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சம்பளம் இல்லை, சரி. எதைச் சேர்ப்பது, எதை மூடுவது என்கிற சாவி கையில் இருக்கிறதே! பைத்தான் என்ற கணினி மொழியை வழிநடத்தும் ஐந்து பேர் குழுவில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2018-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். விக்கிப்பீடியாவில் காசு வாங்கி எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறார் என்று சொல்லியாக வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு, நம் கீழ்பவானி வாய்க்காலிலேயே ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தானே தண்ணீர் விடுகிறார்கள். நமக்கு லோகோவின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போட நேரம் இருந்தது, இதற்கு அரைப் பக்கம் எழுத நேரம் இல்லை. அடுத்தது டி-ஷர்ட்டுக்கு ஒரு தனிக் குழு போடுங்கள், திருப்பூர் பக்கம்தானே.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். தொடர்பைச் சொல்லவும் ஒதுங்கி நிற்கவும் தயவுசெய்து ஒரு விதி எழுதுங்கள். அதுவரை என் ரிக்வெஸ்ட்டை மறுபடி திறந்து, அந்த விற்பனையில் சம்பந்தமில்லாத இரண்டு பேரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் திருத்தித் தருகிறேன், அவர்கள் வேண்டாம் என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். அவர் மட்டும் பார்க்க வேண்டாமுங்க.

இப்படிக்கு,
உங்கள் தொண்டர்களில் ஒருவன்,
கருமத்தம்பட்டி